முதலாளி வைத்த சந்தனப் பொட்டு

எங்கள் கடையில் ஆயுத பூசை அன்று எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. கேமரா, லைட்டு, கம்ப்யூட்டர், பிரிண்டர், ஷட்டர் பூட்டு, என் வீட்டுக்காரரின் பைக், வாசலில் கிடக்கும் செருப்பு ஸ்டாண்டு வரைக்கும் உண்டு. ஒரே ஒரு சாமானுக்கு மட்டும் கிடையாது. மேஜை இழுப்பறையில் பழைய துணியில் சுற்றி வைத்திருக்கும் ஒரு ஹார்டு டிஸ்க். உள்ளங்கை அளவு, கறுப்பு நிறம். ஒயர் சொருகும் வாயை ஒட்டிக் காய்ந்து வெடித்த சந்தனம், அதன் நடுவில் மங்கிப்போன குங்குமம். இந்த வருஷமும் வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணத்தோடு அதன் பக்கம் போனார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "செத்தவரு மேல இன்னும் இன்னாடி கோவம்? மனசுலயே வெச்சிக்கினு இருந்தா உனக்குத்தான் ஒடம்பு கெட்டுப்பூடும்" என்றார் வீட்டுக்காரர். கெடட்டும். செத்துப்போனால் செய்ததெல்லாம் சரியாகிவிடுமா? அப்படி ஒரு சட்டம் இருந்தால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

செத்தவர் என்று அவர் சொன்னது எங்கள் முதலாளியை. கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். நான் தியாகதுருகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் அவரிடம் வேலை பார்த்தேன். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் வேலை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் சும்மா இருந்த எனக்கு, ஒரு கேள்வி கேட்காமல் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னவர் அவர். அதை மறக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் அவர் கேமராவுக்கு முன்னால் நிற்காத மாப்பிள்ளை கிடையாது. கல்வராயன் மலையில் பஸ் போகாத ஊருக்கெல்லாம் கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே ஏறிப் போவார். போன இடத்தில் கூழ் கொடுத்தாலும் குடிப்பார், கறிச்சோறு போட்டாலும் சாப்பிடுவார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ தலைமுழுகியிருப்பேன், கோபம் இத்தனை நாள் தங்காது. நல்ல மனிதர்கள் செய்யும் அலட்சியம் இருக்கிறதே, அதுதான் வயிற்றை எரிக்கிறது.

அவருடைய கேமரா மொழியில் மூன்றே வார்த்தைதான். சிரி, பாரு, பேசாத. மணமேடையில் பெண் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், "யம்மா பொண்ணு, பேசாத! வாய் கோணலா வுழும்! கேமராவ பாரு, சிரி!" என்று பந்தல் அதிரக் கத்துவார். எடுத்துக்கொண்டு வந்த பிறகு என்னிடம் சொல்வது அடுத்த மந்திரம்: "சத்தத்தையெல்லாம் எட்த்துட்டு பாட்டப் போடு." எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பெண் அழைப்பிலிருந்து மறுவீடு வரைக்கும் சினிமாப் பாட்டுதான் ஓடும். அப்பா வாய் அசையும், அத்தை வாய் அசையும், ஐயர் வாய் அசையும், ஒருத்தர் குரலும் கேட்காது. ஜனங்களும் அதைத்தான் கேட்டார்கள் என்று முதலாளி சொல்வார். "அவங்க பேச்ச அவங்களே இன்னாத்துக்குக் கேக்கணும்? வூட்ல தெனமும் கேக்கறாங்களே" என்பார். அன்றைக்கு எனக்கும் அது பெரிய தவறாகப் படவில்லை. ஊரோடு ஒத்து ஓடினேன்.

எடுத்த படம் மொத்தத்தையும், வெட்டாத, பாட்டுப் போடாத படத்தை, அந்தக் கறுப்பு டிஸ்கில்தான் கொட்டி வைத்திருந்தார். எதையும் அழிக்க மாட்டார். "எவனாச்சும் ஒரு நாளைக்கு வந்து கேப்பான்" என்பார். நல்ல பழக்கம்தான். ஆனால் எல்லாம் ஒரே டிஸ்கில். இன்னொரு பிரதி கிடையாது. அண்ணா, இது இரும்பு இல்லை, உள்ளே தட்டு சுற்றுகிறது, ஒரு நாள் நின்றுவிடும், இன்னொன்று வாங்கி இதிலிருப்பதை அதிலும் போட்டு வைக்கலாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். "எல்லாம் அதுல பத்ரமா கீது. ஒண்ணும் ஆவாது." இந்த "ஒண்ணும் ஆவாது" என்ற சொல்லைத் தமிழிலிருந்தே எடுத்துவிட்டால் நம் ஜனங்களுக்குப் பாதி கஷ்டம் குறையும்.

அப்படி ஒரு புரட்டாசியில்தான் ஒரு அம்மா வந்தார். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊர். புளி விற்க இறங்கி வந்தவர், கச்சிராயபாளையம் வழியாகப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் எங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று வேகமாக உள்ளே வந்தார். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாங்கள் கொடுத்ததுதான், அவர் மகளின் கல்யாண வீடியோ. மகள் இப்போது இல்லை. பிரசவத்தில் போய்விட்டாள். மலையிலிருந்து வண்டி இறங்குவதற்குள் முடிந்துவிட்டதாம். குழந்தை பிழைத்துக்கொண்டது. பெண் குழந்தை. அது வளர்ந்து இப்போது கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறது.

"எங்கம்மா எப்பிடி பேசும் ஆயான்னு கேக்குது கண்ணு. பக்கத்து வூட்டு டிவில இத போட்டுக் காமிச்சன். ஒரே பாட்டா கீது. எம்பொண்ணு வாயி அசையுது, பேச்சி வரல. டிவி கெட்டுப்போச்சோன்னு நெனச்சி வேற வூட்லயும் போட்டுப் பாத்தன். அங்கயும் வரல" என்றார். டிவி கெடவில்லை, நாங்கள்தான் எடுத்துவிட்டோம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்ப அந்தப் பேச்சி எங்க கீது?" என்று மட்டும் கேட்டார். செத்துப்போன மகளின் பேச்சு இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அந்தக் கறுப்பு டிஸ்கில்.

உடனே எடுத்து மாட்டினேன். முதலாளி அந்தக் கல்யாணத்துக்கு "பலாமரத்து வூடு" என்று பெயர் போட்டு வைத்திருந்தார், வீட்டு வாசலில் பெரிய பலாமரம் நின்றதால். திறந்து, கம்ப்யூட்டரில் படியெடுக்கப் போட்டேன். எவ்வளவு ஏறியது என்று காட்டும் பச்சைக் கோடு கொஞ்ச தூரம் போய் நின்றது. அப்படியே நின்றது. டிஸ்கிலிருந்து கட்டக், கட்டக் என்று நகத்தால் சுண்டுவது மாதிரி ஒரு சத்தம். பிறகு தானாகவே கழன்றுகொண்டது. ஒயரை மாற்றிப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் சில சமயம் கரண்டு போதாது என்பதால் பின்பக்கம் மாட்டினேன். வந்தது, மறுபடியும் போனது. இந்தச் சத்தம் வந்துவிட்டால் டிஸ்க் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. முதலில் புது டிஸ்க் வாங்கி, உள்ளே இருப்பதை அப்படியே முழுசாக ஒரு தடவை படியெடுத்துவிட வேண்டும். அந்த அம்மாவை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு முதலாளியிடம் போனேன். இன்றைக்கே வேறு டிஸ்க் வேண்டும் என்றேன்.

"நாலு நாள்ல ஆயுத பூச வருது. பூசய முடிச்சிட்டு நல்ல நாளா பாத்து வாங்கிக்கலாம். அது வரிக்கும் நீ அத தொடாத" என்றார். தொடாதே என்றது சரிதான் என்று நானும் சும்மா இருந்தேன். அவர் தொடுவார் என்று யாருக்குத் தெரியும்?

பூசையன்று கடை ஜோராக இருந்தது. வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், பொரி, சுண்டல். முதலாளி குளித்து வேட்டி கட்டி, ஒரு கிண்ணம் நிறையச் சந்தனத்தைப் பன்னீரில் கரைத்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகப் போனார். கேமராவுக்கு வைத்தார், லைட்டுக்கு வைத்தார், எல்லாம் ஒரு சின்னப் பொட்டுதான். டிஸ்க்கிடம் வந்ததும் அவருக்குப் பாசம் பொங்கிவிட்டது. "பாவம், இதுக்குத்தான் ஒடம்பு செரியில்ல" என்று சொல்லி மூன்று விரலால் அள்ளி அப்பினார். அதுவும் எங்கே? ஒயர் சொருகும் வாயிலேயே. நான் ஓடிப்போய் அண்ணா, அண்ணா என்று துணியை எடுத்தேன். "பூச வெச்சத தொடைக்கக் கூடாதும்மா, நாளைக்கி மறுபூச போட்டப்புறம்தான் எடுக்கணும்" என்று என் கையைத் தடுத்தார். வந்திருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஈரச் சந்தனம் அந்தச் சின்னச் சின்னக் கம்பிகளுக்கு நடுவில் இறங்கி, மறுநாள் வரைக்கும் அங்கேயே ஊறிக் காய்ந்தது. வாசலில் பூசணிக்காயை உடைத்து எல்லாருக்கும் கண்ணேறு கழித்தார்கள். என் கண்ணுக்கு முன்னால் நடந்ததை யார் கழிப்பது?

மறுநாள் நான் போவதற்குள் முதலாளி அதை மாட்டிப் பார்த்திருக்கிறார். அதன் சின்ன லைட்டு எரியவில்லை. ஊசியால் சந்தனத்தைக் குத்திக் குத்தி எடுத்திருக்கிறார். அப்போதும் வரவில்லை என்று ரேடியோவைத் தட்டுவது மாதிரி உள்ளங்கையில் தட்டியிருக்கிறார். பிறகு மச்சானிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் மச்சான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நான் விஷயம் கேள்விப்பட்டுப் பையைக்கூட வைக்காமல் அங்கே ஓடினேன். அந்த ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு டிஸ்கை நீட்டினார்.

"வாய தொடச்சி மாட்டி சூப்பரா ரெடி பண்ணிட்டன். ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சி, பண்ணு பண்ணுன்னு ஓகே குட்த்துட்டன். இப்ப பாருங்க, ஃபுல்லா காலியா கீது, புது டிஸ்க் மாதிரி!"

ஆனாலும் அதில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. ஃபார்மேட் போட்டால் உள்ளே இருப்பது உடனே அழிந்துவிடாது. வீட்டு வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைக் கழற்றி எறிகிற மாதிரிதான். ஆள் உள்ளேயே இருப்பார், கண்டுபிடித்துவிடலாம். அதன்மேல் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால் போதும். எழுதினால் போச்சு, எழுதிய இடத்தில் இருந்தது திரும்பவே திரும்பாது. கேட்டேன், இதில் வேறு ஏதாவது போட்டீர்களா என்று.

"டெஸ்ட் பண்ண வேணாமா? எங்கிட்ட இருந்த சினிமாப் பாட்டு மொத்தத்தயும் ஏத்திப் பாத்தன். நல்லாத்தான் ஏறுச்சி."

சினிமாப் பாட்டு! அந்தப் பெண் பேசியதன்மேல் ஒரு தடவை நாங்கள் பாட்டைப் போட்டு மூடினோம். மிச்சமிருந்த ஒரே இடத்தையும் தேடிப்போய் அங்கேயும் பாட்டையே கொட்டியிருக்கிறார்கள். நடு ரோட்டில் நின்று நான் கத்திய கத்தல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். முதலாளி வந்து, "இன்னாம்மா இப்பிடி கத்தற? போனது போச்சி, வுடு. அந்த அம்மா இன்னா கேஸா போடப்போவுது?" என்றார். கேஸ் போடத் தெரியாதவர்களின் சாமான் என்றால் தொலைத்துவிடலாம் போலிருக்கிறது. மண்டபத்துக் கல்யாணம் நடத்திய பெரிய மனிதர் யாராவது கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா? டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

அடுத்த வாரம் வரவேண்டாம், நானே சொல்லி அனுப்புகிறேன் என்று அந்த அம்மாவுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, வீட்டில் வைத்து வேலையை ஆரம்பித்தேன். மருந்துக்கடை ஸ்பிரிட்டை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, ஒயர் சொருகும் வாயில் மிச்சமிருந்த சந்தனத்தைத் துளித் துளியாகக் கரைத்து எடுத்தேன். வெளியில் அப்பியிருந்ததைத் தொடவில்லை. அதற்குப் பொறுமை இல்லை. பெரிய புது டிஸ்க் ஒன்று வாங்கினேன். பழையதில் எதையும் திறந்து பார்க்காமல், தேடாமல், அடி முதல் நுனி வரை அப்படியே படியெடுக்கும் சாப்ட்வேர் இருக்கிறது. கெட்ட இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காது, தாண்டிப் போய் நல்லதையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து கெட்டதைக் கெஞ்சிப் பார்க்கும். டிஸ்க் சூடேறினால் கட்டக் சத்தம் வரும். உடனே நிறுத்தி ஆறவிடுவேன். மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வேர்வையில் உட்கார்ந்திருப்பேன். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன். நாள் கணக்கில் ஆனது. படியெடுத்து முடித்த பிறகுதான், அந்தப் படியில் தொலைந்தவற்றைத் தேட ஆரம்பித்தேன். கிடைத்தன, ஏராளமாகக் கிடைத்தன. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. பலாமரத்து வூடும் இல்லை, எந்த வூடும் இல்லை. வெறும் நம்பர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்போதுதான் முதல் தடவையாக எங்கள் படங்களைச் சத்தத்தோடு கேட்டேன். ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தலில் சிரிப்பு, சண்டை, குழந்தை அழுகை, சம்பந்தி கோபம், சாம்பார் வாளிக்காரனின் கூவல். எல்லாவற்றின் மேலும் ஒரே ஒரு குரல்: பேசாத, பாரு, சிரி, பேசாத. திருநாவலூர்ப் பெண்ணிடமும் பேசாத, உளுந்தூர்ப்பேட்டைப் பெண்ணிடமும் பேசாத. காது புளித்துப்போய்க் கனவிலும் அந்தக் குரலே வந்தது. மலைக் கல்யாணத்தின் துண்டுகள் கிடைக்க ஆரம்பித்தன. பலாமரம் வந்தது, மேளம் வந்தது, மாப்பிள்ளை வந்தார். பெண் வாய் திறந்து பேசும் இடங்கள் ஒவ்வொன்றாகத் தட்டியும் திறக்கவே இல்லை, மச்சானின் பாட்டு அவற்றைத் தின்றுவிட்டிருந்தது. கடைசியில் ஒன்று திறந்தது. தாலி கட்டி முடிந்து உட்கார்ந்திருக்கிறாள். அம்மா தட்டோடு குறுக்கே போகிறார். அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

"யம்மா, நீ சாப்டியா? காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ."

அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, கடைசி வார்த்தையின் மேலேயே ஏறி விழுகிறது முதலாளியின் குரல். "யம்மா பொண்ணு, பேசாத! கேமராவ பாரு, சிரி!" அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நான்தான் அதை மெதுவாக ஓடவிட்டு, சுற்றிலும் பூ விழ வைத்து, பாட்டுப் போட்டேன். அவள் அம்மாவின் பசியை விசாரித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பேச்சு என்று தேறியது அவ்வளவுதான். வேறு எதுவும் மிஞ்சவில்லை.

எங்கள் வீட்டுக்கு வரும்படி அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். போட்டுக் காட்டினேன். முதல் தடவை அசையாமல் பார்த்தார். "இன்னொரு தபா போடு" என்றார். மகள் கேட்டதும், "சாப்ட்டன்டி, சாப்ட்டன்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாம் தடவை முதலாளி பேசாத என்று கத்தினார் பாருங்கள், அந்த அம்மா சேரை விட்டு எழுந்துவிட்டார்.

"நீ பேசுடி. அவன் கெடக்கறான். நீ பேசு கண்ணு."

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யம்மா, அந்த ஆள் குரலை முடிந்த மட்டும் வெட்டி எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "வேணாம். போன தபா எட்த்து எட்த்துத்தான் எம்பொண்ணு பேச்சே பூட்ச்சி. ஒண்ணத்தயும் எடுக்காத. கீறத அப்பிடியே குடு" என்றார். அப்படியே கொடுத்தேன்.

மனசு கேட்காமல் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தை, அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? நான்தான் சொன்னன் இல்ல, ஒண்ணும் ஆவாதுன்னு! அன்னிக்கி சந்தனம் வெச்சதுல சாமி கைவுடல" என்றார். சிரிப்பதா அழுவதா? திரும்பி வந்துவிட்டேன். சில மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். ஊரையே படம் எடுத்தவருக்குப் படத்திறப்பில் வைக்க ஒரு படம் கிடைக்காமல், ஓட்டு அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி வைத்தார்கள். அதில் அவர் சிரிக்கவில்லை. மாலை போட்டுக் கும்பிட்டேன். அழுகையும் வந்தது. கோபம் மட்டும் போகவில்லை, கூடவே பஸ் ஏறி வந்துவிட்டது.

இப்போது தியாகதுருகத்தில் எங்களுக்கென்று கடை. வெட்டாத படத்தைச் சத்தத்தோடு தனியாகக் கொடுத்துவிடுகிறேன், வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடத்தில் இரண்டு பிரதி. பழைய டிஸ்க் இனி எதற்கும் உதவாது. ஆனாலும் அந்தச் சந்தனத்தை நான் கழுவவில்லை. மேலே இன்னொரு பொட்டு வைக்கவும் விடமாட்டேன்.

இந்த வருஷம் பூசைக்குப் பொரி வாங்க மலையிலிருந்து இறங்கிய அந்த அம்மா எங்கள் கடைக்கும் வந்திருந்தார். பேத்தி பள்ளிக்கூடம் போகிறதாம். அம்மா மாதிரி பேசிக் காட்டு என்று யாராவது கேட்டால் உடனே எழுந்து நின்று பேசிக் காட்டுமாம். யம்மா, நீ சாப்டியா, காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ. அதோடு நிறுத்தாதாம். அதே மூச்சில், குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, பேசாத, கேமராவ பாரு, சிரி என்றும் சொல்லுமாம். அதையும் தன் அம்மாதான் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது அந்தப் பிள்ளை.